முதலில் ஸ்டாண்டு, அப்புறம் குழாய்: தொலைநோக்கி பற்றி வாசகர் கேள்விகள்

போன இதழில் என் மொட்டைமாடியில் எடுத்த ஓரியன் நெபுலா (வானத்து வாயு மேகம்) படம் வந்ததிலிருந்து தொலைநோக்கி பற்றியே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. நாற்பது வருஷமாக என் ராத்திரிகள் இந்த லென்ஸுகளோடும் கண்ணாடிகளோடும்தான் கழிகின்றன என்பது தெரிந்து ஆசிரியர் இந்த முறை பகுதி முழுவதையும் என்னிடமே கொடுத்துவிட்டார். ஒரே மாதிரி இருந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

எட்டாம் வகுப்பு படிக்கும் என் மகன் டெலஸ்கோப் கேட்கிறான். '525 மடங்கு பெரிதாக்கும்' என்று போட்டு ஆன்லைனில் நாலாயிரம் ரூபாய்க்கு ஒன்று இருக்கிறது. வாங்கலாமா?
— வாசகி, கரூர்

வேண்டாம். பெட்டியின் மேல் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் இருந்தால் அதைத் தொடவே தொடாதீர்கள். எத்தனை மடங்கு பெரிதாகத் தெரியும் என்பது ஐபீஸை, அதாவது கண் வைக்கிற பக்கத்து லென்ஸை, மாற்றினால் மாறிவிடும். முன்னால் இருக்கும் லென்ஸ் எவ்வளவு அகலம் என்பதுதான் கணக்கு. மில்லிமீட்டரில் அதன் விட்டம் எவ்வளவோ அதைப்போல இரண்டு மடங்கு வரைதான் உருப்படியாகப் பெரிதாக்கலாம். இந்த விலையில் கிடைப்பது பெரும்பாலும் 60 மில்லிமீட்டர் லென்ஸ், ஆக 120 மடங்கு. அதற்கு மேல் போனால் மங்கல்தான் பெரிதாகும்.

ஆனால் லென்ஸைவிட எனக்குக் கவலை அதன் ஸ்டாண்டு. 1986இல் ஹாலி வால்நட்சத்திரம் வந்தபோது நான் ஆறாம் வகுப்பு. மூக்குக்கண்ணாடிக் கடையில் வெட்டாத +1 பவர் லென்ஸ் ஒன்றும், வாட்ச் ரிப்பேர்க்காரர் கண்ணில் இடுக்கிக்கொள்ளும் லென்ஸ் ஒன்றும் அப்பா வாங்கித் தந்தார். +1 என்றால் குவியத் தூரம் ஒரு மீட்டர், அதனால் ஒரு மீட்டர் பிவிசி பைப். நிலாவைப் பார்த்தால் ஓரமெல்லாம் ஊதா நிறம் கசிந்தது. அட்டையில் நடுவே ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ஓட்டை போட்டு லென்ஸுக்கு முன்னால் ஒட்டினோம், ஊதா அடங்கி, பள்ளங்கள் ஒவ்வொன்றாகத் தெரிய ஆரம்பித்தன. அந்தப் பைப்பை நிறுத்த ஒன்றுமில்லாமல் கயிற்றுக் கட்டிலைச் செங்குத்தாக நிமிர்த்தி, அதன் காலில் சைக்கிள் ட்யூபால் இறுக்கிக் கட்டினோம். அசையவே அசையாது. கல்லூரி முடித்து முதல் சம்பளத்தில் ஒரு கடையில் வாங்கிய தொலைநோக்கிக்கு லென்ஸ் நன்றாகவே இருந்தது, கால்கள்தான் குச்சி மாதிரி. ஃபோகஸ் திருகைத் தொட்டால் ஆறு செகண்ட் ஆடும், ஆட்டம் நிற்பதற்குள் சனி பார்வையை விட்டே போய்விடும். கட்டில் காலில் பார்த்த அளவுக்குக்கூட அதில் நான் நிம்மதியாக எதையும் பார்க்கவில்லை.

அதனால் பையனுக்கு இப்போது ஒரு 10x50 பைனாகுலர் வாங்கிக் கொடுங்கள். நிலாவின் பள்ளங்கள், வியாழனின் நாலு நிலாக்கள், கார்த்திகைக் கூட்டம் எல்லாம் அதில் கிடைக்கும் (வியாழனைப் பார்க்கும்போது சுவரில் முழங்கையை ஊன்றிக்கொள்ளச் சொல்லுங்கள்). ஆறு மாதம் கழித்தும் அவன் மாடிக்கு ஓடிக்கொண்டிருந்தால் காசு சேர்த்து 6 அங்குல டாப்சோனியன், அதாவது முன்னால் லென்ஸுக்குப் பதில் குழாயின் அடியில் 6 அங்குலக் கண்ணாடி ஆடி உள்ள தொலைநோக்கி, வாங்குங்கள். அதில் ஸ்டாண்டு என்பது தரையில் உட்காரும் ஒரு மரப்பெட்டி, அவ்வளவுதான். அதைப் பிரபலமாக்கிய ஜான் டாப்சன் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் ராமகிருஷ்ண மடத்துத் துறவியாக 1944 முதல் 1967 வரை இருந்தவர். பழைய கப்பல் ஜன்னல்களின் தடித்த கண்ணாடியைத் தேய்த்து ஆடி செய்து, சான்ஃபிரான்சிஸ்கோ நடைபாதையில் தொலைநோக்கியை வைத்து, போகிறவர் வருகிறவர் எல்லோருக்கும் நிலாவைக் காட்டினார். குறைந்த செலவில் அசையாத ஸ்டாண்டு எப்படிச் செய்வது என்று அவர் யோசித்ததுதான் இன்று ஒரு பள்ளிப் பையன் கையில் 6 அங்குல ஆடி இருக்க வழி செய்தது.

போனில் நிலாவை எப்படி எடுத்தாலும் வெள்ளைப் பொட்டாகத்தான் வருகிறது. டெலஸ்கோப் வழியாக எடுத்தால்கூட அப்படித்தான். ஏன்?
— கல்லூரி மாணவி, நாகர்கோவில்

சுற்றிலும் இருட்டு, அதனால் இது ராத்திரிப் படம் என்று போன் முடிவு செய்து வெளிச்சத்தை ஏற்றிவிடுகிறது. ஆனால் நிலா என்பது பட்டப்பகல் வெயிலில் கிடக்கும் பாறை. திரையில் நிலாவின் மேல் விரலை வைத்து அழுத்தி, வெளிச்சத்தைக் கீழே இழுங்கள், பள்ளங்கள் தெரியும் வரை. ப்ரோ மோட் இருந்தால் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/125 என்று ஆரம்பித்துக் கூட்டிக் குறைத்துப் பாருங்கள். ஷட்டரைக் கையால் தட்டாமல் 2 செகண்ட் டைமர் வையுங்கள். போனை ஐபீஸோடு பிடிக்கும் ஒரு கவ்வி கிடைக்கிறது, வாங்கிக்கொண்டால் கை ஆட்டம் போச்சு.

அப்புறம், பௌர்ணமியில் எடுக்காதீர்கள். அன்றைக்கு வெயில் நிலாவின் மேல் நேராக விழுகிறது, நிழலே இல்லை. அஷ்டமியை ஒட்டி எடுத்துப் பாருங்கள். வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் கோட்டில் ஒவ்வொரு பள்ளமும் தன் சுவரின் நிழலைத் தனக்குள்ளேயே போட்டுக்கொண்டிருக்கும். வளர்பிறை அஷ்டமிக்கு அடுத்த ஓரிரு நாளில் அந்தக் கோட்டருகே கோப்பர்நிக்கஸ் வரும். 93 கிலோமீட்டர் அகலம், நடுவே குன்றுகள், படிக்கட்டு மாதிரி இறங்கும் சுவர்கள். நான் எத்தனையோ தடவை எடுத்தாகிவிட்டது, இன்னும் அலுக்கவில்லை.

நட்சத்திரங்கள் கோடு கோடாக வருகின்றன. மோட்டார் வைத்த மவுண்ட் வாங்கினேன், துருவ நட்சத்திரத்தை வைத்து நேர் செய்யச் சொல்கிறார்கள். எங்கள் மாடியிலிருந்து அது தெரிவதே இல்லை. என்ன செய்வது?
— வாசகர், மதுரை

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை ஒத்துக்கொண்டேன் என்று சொல்லலாம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துப் படிக்கும் நம் ஊர்க்காரர்கள் எல்லோரும் முட்டிக்கொள்ளும் இடம் இது.

பூமி நாலு நிமிஷத்துக்கு ஒரு டிகிரி சுற்றுகிறது. நிலாவின் அகலம் அரை டிகிரி, ஆகவே இரண்டே நிமிஷத்தில் நிலா தன் அகலத்துக்கு நகர்ந்துவிடும். நட்சத்திரமும் அப்படித்தான் ஓடுகிறது. மோட்டார் இல்லாமல் எடுத்தால் 500ஐ லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்தால் வரும் செகண்ட்தான் எல்லை. 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 10 செகண்ட், சின்ன சென்சார் கேமரா என்றால் ஆறு. அதற்கு மேல் வேண்டுமென்றால் பூமி சுற்றுவதற்கு எதிர்த்திசையில் கேமராவைச் சுற்ற வேண்டும், அதற்குத்தான் உங்கள் மவுண்ட். அதன் அச்சு வானத்தின் வட துருவத்தைப் பார்த்து நிற்க வேண்டும்.

துருவ நட்சத்திரம் தொடுவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்பது ஊரின் அட்சரேகை. லண்டனில் 51 டிகிரி, அண்ணாந்து பார்க்க வேண்டும். மதுரையில் 10 டிகிரி. கையை நீட்டி முஷ்டியை மடக்கினால் அந்த முஷ்டியின் அகலம்தான் 10 டிகிரி. அந்த உயரத்தில் நமக்குப் பக்கத்து வீட்டுத் தண்ணீர் டேங்கும் தென்னை மரமும் புழுதியும்தான் இருக்கும். எனக்கும் பல வருஷம் பக்கத்து வீட்டு டேங்குதான் வட துருவம்.

வழி இருக்கிறது. தெற்கே, நடு வானத்தை ஒட்டி, உச்சிக்குப் பக்கத்தில் உள்ள ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மோட்டார் ஓடும்போது அது மெல்ல வடக்கிலோ தெற்கிலோ நழுவினால், அச்சு கிழக்கு மேற்காகத் தப்பியிருக்கிறது. மவுண்ட்டை இடம் வலம் கொஞ்சம் திருப்புங்கள், நழுவல் கூடினால் எதிர்ப்பக்கம் திருப்புங்கள். அது நின்றபின் கிழக்கே தாழ்வாக உள்ள ஒரு நட்சத்திரத்துக்குப் போய் இதே வேலை, இந்தத் தடவை அச்சின் உயரத்தை மாற்றி. முதல் ராத்திரி இரண்டு மணி நேரம் பிடிக்கும், பழகினால் இருபது நிமிஷம். இப்போது படமெடுத்து நட்சத்திரங்களை அடையாளம் கண்டு, எந்தத் திருகை எவ்வளவு திருப்ப வேண்டும் என்று சொல்லும் மென்பொருள்களும் வந்துவிட்டன, துருவ நட்சத்திரமே வேண்டாம். எப்படிச் செய்தாலும் நேரான பிறகு முக்காலியின் மூன்று கால்களும் நிற்கும் இடத்தைத் தளத்தில் பெயின்டால் வட்டம் போட்டு வையுங்கள். என் மாடியில் அந்த மூன்று மஞ்சள் வட்டங்களை வீட்டில் யாரும் மிதிப்பதில்லை, கோலத்தைச் சுற்றிப் போவது போலச் சுற்றித்தான் போவார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வடக்கு நமக்குத் தாழ்ந்திருப்பதால் தெற்கு நமக்குத் திறந்திருக்கிறது. வைகாசி மாதம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் சித்திரை நட்சத்திரத்தைக் கண்டுபிடித்து, நேர் தெற்கே மூன்றரை முஷ்டி இறங்குங்கள். பைனாகுலரில் பஞ்சு உருண்டை மாதிரி ஒன்று தெரியும். ஒமேகா சென்டாரி, சுமார் ஒரு கோடி நட்சத்திரங்கள் ஒட்டி நிற்கும் கூட்டம், சுமார் 17,000 ஒளியாண்டு தூரம். லண்டன்காரர் தன் ஊரில் இருந்துகொண்டு ஆயுசுக்கும் அதைப் பார்க்க முடியாது.

8 அங்குல டாப்சோனியனில் டிஎஸ்எல்ஆர் மாட்டினால் ஃபோகஸே வரவில்லை. கருவி பழுதா?
— வாசகர், சேலம்

பழுதில்லை. கண்ணால் பார்க்க என்று செய்த குழாய் அது, பிம்பம் விழும் இடம் கேமரா சென்சார் வரை எட்டாது. நடுவே ஒரு பார்லோ லென்ஸ் போட்டால் எட்டும். ஆனால் அந்தக் கருவியில் டிஎஸ்எல்ஆரைவிட ஒரு சின்ன கோள் கேமராவை மாட்டி வீடியோ எடுப்பதே நல்லது. வியாழனை இரண்டு நிமிஷத்துக்குள் எடுத்து முடியுங்கள். அது பத்து மணி நேரத்துக்குள் ஒரு சுற்று சுற்றிவிடுவதால் அதற்கு மேல் போனால் பட்டைகள் கலங்கிவிடும். வீடியோவில் உள்ள ஆயிரக்கணக்கான ஃப்ரேம்களில் காற்று ஒரு கணம் அடங்கியபோது பதிந்தவை கொஞ்சம் இருக்கும். ஆட்டோஸ்டாக்கர்ட் என்ற இலவச மென்பொருள் அவற்றைப் பொறுக்கி அடுக்கித் தரும்.

சூரியனைப் படமெடுக்க எக்ஸ்ரே ஃபிலிமை லென்ஸ் முன் வைத்தால் போதுமா?
— வாசகர், விழுப்புரம்

கூடவே கூடாது. கண் போய்விடும். சூரியனுக்கென்றே விற்கும் ஃபில்டர் ஷீட்டைக் குழாயின் முன்வாயில், காற்றில் கழன்றுவிடாதபடி மாட்டுங்கள். ஐபீஸில் திருகும் சின்ன கறுப்பு ஃபில்டர் பழைய கருவிகளோடு வரும், அது சூட்டில் விரிசல் விட்டுவிடும். அதை எறிந்துவிடுங்கள்.

நெபுலா படங்களில் வரும் சிவப்பும் நீலமும் உண்மையா? நண்பரின் தொலைநோக்கியில் ஓரியனைப் பார்த்தேன், சாம்பலாகப் புகை மாதிரிதான் இருந்தது. படமெல்லாம் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசியதுதானே?
— வாசகர், கோவை

உங்கள் கண் சொன்னதும் உண்மை, படத்தில் வந்ததும் உண்மை. மங்கிய வெளிச்சத்தில் நம் கண்ணில் வேலை செய்யும் செல்களுக்கு நிறம் தெரியாது. ராத்திரி விளக்கில்லாத அறையில் சிவப்புச் சேலையும் பச்சைச் சேலையும் ஒன்றாகத் தெரிகிறதே, அதுதான். கேமராவுக்கு அந்தக் குறை கிடையாது, அதோடு அது வெளிச்சத்தைச் சேர்த்து வைக்கிறது. ஓரியனின் சிவப்பு, ஹைட்ரஜன் வாயு 656 நானோமீட்டரில் விடும் ஒளி. பச்சை கலந்த நீலம், ஆக்சிஜன் 501 நானோமீட்டரில் விடுவது. அந்த நிறம் அங்கே இருக்கிறது. சொல்லப்போனால் சாதாரண டிஎஸ்எல்ஆருக்குள் இருக்கும் ஒரு ஃபில்டர் அந்தச் சிவப்பில் பெரும்பகுதியைத் தடுத்துவிடுகிறது, அதனால்தான் சிலர் கேமராவைப் பிரித்து அதைக் கழற்றுகிறார்கள்.

போன இதழில் வந்த படம் 30 செகண்ட் ஃப்ரேம்கள் 120, மொத்தம் ஒரு மணி நேரம். தனியாக ஒரு ஃப்ரேமைப் பார்த்தால் மணல் தூவியது போலப் புள்ளியாக இருக்கும். திருவிழாக் கூட்டத்தில் தூரத்திலிருந்து யாரோ உங்களைக் கூப்பிடுகிறார்கள், ஒரு தடவை கூப்பிட்டால் இரைச்சலில் கேட்காது. அதே பெயரை நூறு தடவை கூப்பிட்டால் கேட்டுவிடும், ஏனென்றால் இரைச்சல் ஒவ்வொரு தடவையும் வேறு வேறு, பெயர் மட்டும் அதேதான். ஃப்ரேம்களை அடுக்குவது இந்த வேலைதான். நூறு ஃப்ரேம் அடுக்கினால் பத்து மடங்கு தெளிவு. இதில் பொய் எங்கே இருக்கிறது?

நிறத்தை மாற்றிப் போடுவதும் உண்டு. 1995இல் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்ற நெபுலா படத்தில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம் என்று ஒதுக்கியிருந்தார்கள். எந்த வாயு எங்கே இருக்கிறது என்று பிரித்துக் காட்டுவதற்காக அப்படிச் செய்தார்கள், அதைச் சொல்லியும் விட்டார்கள். சொல்லிவிட்டுச் செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஆனால் ஓர் ஊரில் எடுத்த பால்வீதியை வேறு ஊர்க் கோபுரத்துக்கு மேல் ஒட்டி, 'நேற்று எடுத்தேன்' என்று போடுகிறார்களே, அதை என்னால் ஏற்க முடியாது. ஒரு மணி நேரம் பனியில் நின்று எடுத்தவரின் படத்தையும் அது சந்தேகப்பட வைத்துவிடுகிறது. உங்கள் கேள்வியே அப்படித்தானே வந்தது.

லென்ஸுக்குள் சிலந்தி வலை மாதிரி படர்ந்திருக்கிறது. துடைக்க முடியுமா?
— வாசகர், யாழ்ப்பாணம்

அது பூஞ்சை. கடல் காற்றுள்ள ஊர்களில் நமக்கெல்லாம் இருக்கும் தொல்லை. லென்ஸின் உள்பக்கம் என்றால் நீங்களாகக் கழற்றாதீர்கள், லென்ஸ் சர்வீஸ் செய்பவரிடம் சீக்கிரம் கொடுங்கள். ஒரு மார்கழி ராத்திரி பனி இறங்கி நனைந்திருந்த 80 மில்லிமீட்டர் லென்ஸை அசதியில் அப்படியே மூடித் தோல் பைக்குள் வைத்தேன். கல்யாண வேலைகளில் மறந்தேபோய், மழைக்காலமும் கழிந்தபின் திறந்தபோது ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வெள்ளை இழைகள் ஓடியிருந்தன. பூஞ்சையை எடுத்துவிட்டார்கள், ஆனால் அது கோட்டிங்கைத் தின்ற தடம் இன்றைக்கும் டார்ச் அடித்தால் தெரிகிறது.

அன்றிலிருந்து ஃபேன் காற்றில் காயவிட்ட பிறகுதான் மூடி. தோல் பை கிடையாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பா, உள்ளே சிலிக்கா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், அது 40க்கும் 50க்கும் நடுவே இருந்தால் சரி.

சென்னையில், நகரத்துக்கு நடுவே குடியிருக்கிறேன். வானமே ஆரஞ்சு நிறத்தில் இருக்கிறது. இங்கிருந்து இந்த ஆசையெல்லாம் சாத்தியமா?
— வாசகி, சென்னை

நிலா, கோள்கள், சூரியன், இரட்டை நட்சத்திரங்கள், இவற்றுக்குத் தெருவிளக்கு ஒரு பொருட்டே இல்லை. கல்யாணத்தில் காட்டும் அருந்ததிக்குப் பக்கத்தில் நிற்கிறாரே வசிஷ்டர், அவரைச் சின்ன தொலைநோக்கியில் பாருங்கள், அவரே இரண்டாகப் பிரிவார். காற்றே இல்லாத புழுக்கமான ராத்திரிகளில் கோள்கள் அசையாமல் நிற்கும், அது உங்களுக்குச் சாதகம். ஹைட்ரஜன் ஒளியை மட்டும் விடும் ஃபில்டர் போட்டால் நெபுலாக்கள்கூட நகரத்திலிருந்து கிடைக்கின்றன, ஃபில்டரின் விலைதான் அதிகம்.

உங்கள் ஊருக்கு இதில் பழைய உரிமையும் உண்டு. நுங்கம்பாக்கத்தில் 1792இல் அமைந்தது மெட்ராஸ் வானாய்வுக்கூடம். 1861இல் நார்மன் போக்சன் அங்கிருந்து ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார், ஆசியாவிலிருந்து கண்டுபிடித்த முதல் சிறுகோள் என்பதால் அதற்கு 'ஆசியா' என்றே பெயர். அந்தக் காலத்தில் கருவியைத் தாங்க நட்ட கருங்கல் தூண் இன்றும் வானிலை ஆய்வு மைய வளாகத்தில் நிற்கிறது. ஸ்டாண்டுக்கு அவர்கள் கருங்கல்லையே நட்டார்கள் என்பதைக் கரூர் வாசகியும் கவனிக்க வேண்டும்.

இருட்டு வானம் வேண்டுமென்றால் ஜவ்வாது மலைப் பக்கம் போங்கள், காவலூர் வானாய்வுக்கூடம் அங்கேதான். 1949இல் மாணவராக இருந்தபோதே ஒரு வால்நட்சத்திரத்தைக் கண்டுபிடித்த வானியலாளர் வைணு பாப்பு, தெற்கு வானமும் தெரிய வேண்டும் என்று தேடித் தேர்ந்த இடம். அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு அவர் பெயர்தான். பொதுமக்களை அனுமதிக்கும் நாளைக் கேட்டுக்கொண்டு கிளம்புங்கள். படமெடுக்கப் போவதென்றால் தினசரிக் காலண்டரில் அமாவாசையைப் பார்த்து லீவு போடுங்கள்.

வயது 63. வங்கி வேலையில் ஓய்வு பெற்றேன். சின்ன வயதிலிருந்து ஆசை. மகன் கொடுத்த பழைய டிஎஸ்எல்ஆரும் 50 மில்லிமீட்டர் லென்ஸும் இருக்கின்றன. இனிமேல் ஆரம்பித்து என்ன ஆகப்போகிறது என்று வீட்டில் கேட்கிறார்கள்.
— வாசகர், தஞ்சாவூர்

ஐயா, வான் புகைப்படம் ஆரம்பத்திலிருந்தே வேறு தொழில் பார்த்தவர்கள் வளர்த்த கலை. 1880இல் ஓரியன் நெபுலாவை முதன்முதலாகப் படமெடுத்த ஹென்றி டிரேப்பர் மருத்துவம் படித்தவர், 51 நிமிஷ எக்ஸ்போஷர். மூன்று வருஷம் கழித்து, கண்ணுக்கே தெரியாத நட்சத்திரங்கள் பதிந்த படத்தை எடுத்த ஆண்ட்ரூ காமன் ஓர் இன்ஜினியர், லண்டனுக்குப் பக்கத்தில் ஈலிங்கில் வீட்டுத் தோட்டத்தில் எடுத்தார். 2009 ஜூலை 19 அன்று ஆஸ்திரேலியாவில் ஆன்டனி வெஸ்லி தன் வீட்டிலிருந்து வியாழனில் ஒரு கறுப்புத் தழும்பைப் பார்த்தார், ஏதோ ஒன்று மோதிய தடம். அவர் சொன்ன பிறகுதான் பெரிய தொலைநோக்கிகள் அந்தப் பக்கம் திரும்பின. 2016 செப்டம்பரில் அர்ஜென்டினாவின் ரொசாரியோவில் விக்டர் பூசோ, தொழில் பூட்டு வேலை, புதுக் கேமராவைச் சோதிக்க ஒரு கேலக்ஸியை எடுத்துக்கொண்டிருந்தார். ஃப்ரேம்களைப் பார்த்தால் முதலில் இல்லாத ஒரு புள்ளி வந்து பிரகாசமாகிக்கொண்டே போகிறது. ஒரு நட்சத்திரம் வெடிக்கத் தொடங்கும் முதல் வெளிச்சம் அது. இப்படியெல்லாம் நடக்க வேண்டும் என்று யாரும் மாடிக்குப் போவதில்லை. ஆனால் போயிருந்தவர்களுக்குத்தான் நடந்தது.

உங்களிடம் இருப்பது போதும். கனமான முக்காலி ஒன்று மட்டும் வாங்குங்கள், நடுவில் ஒரு செங்கல்லைப் பையில் போட்டுத் தொங்கவிடுங்கள். தை அமாவாசையை ஒட்டி, எட்டு மணிக்கு மேல், மாடியில் விளக்கை அணைத்துவிட்டுக் கால் மணி நேரம் சும்மா உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழகட்டும். திருவாதிரை செம்பாக நிற்கும், அதற்குக் கீழே வரிசையாக மூன்று நட்சத்திரம், அதற்கும் கீழே மங்கலாகத் தொங்குவதுதான் நெபுலா. ஆட்டோஃபோகஸை நிறுத்திவிட்டு, திரையில் ஒரு நட்சத்திரத்தைப் பெரிதாக்கி, அது ஊசிமுனை ஆகும் வரை ஃபோகஸ் வளையத்தைத் திருப்புங்கள். திருப்பியதும் ஒரு துண்டு டேப் ஒட்டி வளையத்தை அசையாமல் செய்துவிடுங்கள். எஃப் 2.8, ஐஎஸ்ஓ 1600, 5 செகண்ட், நூறு ஃப்ரேம். முடிந்ததும் லென்ஸை மூடி போட்டு மூடி அதே 5 செகண்டில் இருபது கறுப்பு ஃப்ரேம், சென்சாரின் சூட்டுப் புள்ளிகளைக் கழிக்க. எல்லாவற்றையும் டீப்ஸ்கைஸ்டாக்கர் அல்லது சிரில் என்ற இலவச மென்பொருளில் கொடுங்கள்.

வந்த படத்தை எங்களுக்கு அனுப்புங்கள். எத்தனை ஃப்ரேம், எந்த ஊர், எந்தத் தேதி என்று சேர்த்து எழுதினால் அடுத்த இதழில் போடச் சொல்கிறேன்.